சீனி வருத்தம் உள்ளவர்கள் கண்ணை ஏன் வருடாவருடம் காட்ட வேண்டும்?

"கண் நல்லாத்தானே தெரியுது, பிறகென்னத்துக்குக் கண் கிளினிக்?"

நீரிழிவு உள்ள ஒருவரிடம் வருடத்துக்கு ஒரு முறையாவது கண்ணைக் காட்டுங்கள் என்று சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். பாடசாலை ஆசிரியர் அறையிலும், கல்யாண வீட்டுப் பந்தலிலும், பள்ளிவாசல் வாசலிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமும் இதில் இல்லை. பார்வை மங்கினால் டொக்டரிடம் போவோம், மங்காவிட்டால் போகத் தேவையில்லை என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சீனி வருத்தம் கண்ணைத் தாக்கும் விதம் இந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. பார்வை மங்குவது இந்த நோயின் ஆரம்பம் அல்ல. பெரும்பாலும் அது நோய் வெகுதூரம் வந்துவிட்டதன் அடையாளம்.

நான் வைத்தியர் அல்ல, ஆசிரியர். எனக்கும் ஆறு வருடங்களாக நீரிழிவு இருக்கிறது. கிளினிக்கில் டொக்டர்மார் சொன்னதையும், அதன் பிறகு தேடி வாசித்து விளங்கிக்கொண்டதையும், வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்குவது போல இங்கே எழுதுகிறேன். இது எந்த வைத்தியரின் ஆலோசனைக்கும் பதிலாகாது. வைத்தியரிடம் போவதற்கான காரணத்தை விளக்குவதுதான் நோக்கம்.

இது எத்தனை பேருடைய பிரச்சினை?

2005, 2006 காலப்பகுதியில் இலங்கையில் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வொன்றில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர் என்ற கணக்கு வந்தது. நகரங்களில் இந்த அளவு கிராமங்களை விட அதிகம்.

அதே ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. நீரிழிவு இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் அதிகமானோருக்குத் தமக்கு அந்த வருத்தம் இருப்பதே அதுவரை தெரிந்திருக்கவில்லை. கண் விடயத்தில் இது முக்கியமானது. "எனக்குப் போன வருஷம்தான் சீனி வந்தது" என்று நாம் சொல்கிறோம். உண்மையில் போன வருடம் நடந்தது இரத்தப் பரிசோதனை மட்டும்தான். சீனி அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே வந்து, சத்தமில்லாமல் தன் வேலையைத் தொடங்கியிருக்கலாம். இதனால்தான் வயது வந்தோரில் பொதுவாகக் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்த உடனேயே கண்ணையும் ஒரு முறை பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணின் பின்சுவரில் மெல்லிய திரை ஒன்று இருக்கிறது. அதை விழித்திரை என்கிறோம். நாம் பார்க்கும் காட்சி அதில்தான் விழுகிறது. அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. உடம்பிலேயே அதிக ஒட்சிசன் தேவைப்படும் பகுதிகளில் இந்தத் திரையும் ஒன்று. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களோ தலைமுடியை விட மெல்லியவை.

நம் பக்கத்து வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய வாய்க்காலில் இருந்து சின்ன வாய்க்கால், அதிலிருந்து வரம்போரத்துக் கால் என்று தண்ணீர் பிரிந்து போகிறது. இரத்தத்தில் சீனி நீண்ட காலம் கூடியே இருந்தால், கண்ணுக்குள் இருக்கும் இந்தக் கடைசிக் கால்களின் கரைகள் பலவீனமாகின்றன. முதலில் சில இடங்களில் கரை புடைத்துக்கொள்கிறது. பிறகு அங்கிருந்து நீரும் கொழுப்பும் கசியத் தொடங்குகின்றன. விழித்திரையின் நடுவில், எழுத்து வாசிக்கவும் முகம் பார்க்கவும் உதவும் ஒரு சிறிய புள்ளி இருக்கிறது. கசிவு அந்த இடத்தைத் தொட்டால் வீக்கம் ஏற்பட்டு, நடுப்பார்வை மங்கும்.

சில கால்கள் முற்றாக அடைபட்டும் போகின்றன. அப்போது அந்தப் பகுதி இரத்தம் இல்லாமல் தவித்து, "புதுக் குழாய் வேண்டும்" என்று ஓர் இரசாயனச் செய்தியை வெளியிடுகிறது. உடம்பும் புதிய குழாய்களை வளர்க்கிறது. ஆபத்து இங்கேதான் கூடுகிறது. புதிதாக வளர்பவை நல்ல குழாய்கள் அல்ல. இலேசாக உடையக்கூடிய, ஒழுங்கில்லாத குழாய்கள். அவை உடைந்தால் கண்ணுக்குள் இருக்கும் ஜெலி போன்ற பகுதியில் இரத்தம் கொட்டும். அவற்றோடு சேர்ந்து வளரும் தழும்புத் திசு சுருங்கும்போது, விழித்திரையையே சுவரிலிருந்து பிடுங்கி எடுத்துவிடும்.

இதில் ஆரம்பக் கட்டம் முழுவதும் வலி இல்லை, சிவப்பு இல்லை, கண்ணீர் இல்லை. கசிவு நடுப்புள்ளியைத் தொடாதவரை எழுத்தும் தெளிவாகவே தெரியும். உடையக்கூடிய குழாய்கள் வளர்ந்துகொண்டிருக்கும் நாளில்கூட ஒருவர் பத்திரிகை வாசிக்கலாம், மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். ஒரு கண் மங்கினாலும் மற்றக் கண் அதை மறைத்துவிடும்.

என் மாமியின் கதை

என் வாப்பாவின் தங்கைக்கு, என் மாமிக்கு, பதினைந்து வருடங்களாகச் சீனி வருத்தம். தையல் மெஷின்தான் அவருடைய உலகம். பெருநாள் வந்தால் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளின் உடுப்பு அவர் தைத்ததாகத்தான் இருக்கும். மாதாந்தம் கிளினிக்குக்குப் போவார், குளிசையும் தவறாமல் எடுப்பார். ஆனால் கண்ணைக் காட்டியதில்லை. ஊசியில் நூல் கோர்க்கக் கஷ்டமான போது, கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி ஒன்று எடுத்தார். சில மாதங்களில் வலது கண்ணுக்கு முன்னால் கறுப்புத் தூசு பறப்பது போல இருக்கிறது என்றார். வெயிலில் நடந்ததால் வந்திருக்கும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு நாள் ஸுபஹுக்கு எழும்பிய போது அந்தக் கண்ணில் சிவப்புத் திரை இழுத்தது போல இருந்தது.

வலது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. அன்று பரிசோதித்த போது இடது கண்ணிலும் அதே புதுக் குழாய்கள் இருந்தன. ஆனால் அவை இன்னும் உடையவில்லை. உடனே லேசர் செய்தார்கள். அந்த ஒரு கண்ணால் மாமி இன்று பெரிய எழுத்துக் குர்ஆனை ஓதுகிறார், சமைக்கிறார், நாலு முகத்தை அடையாளம் காண்கிறார். தையல் மட்டும் இல்லை.

இரண்டு கண்களும் ஒரே உடம்பில்தான் இருந்தன. ஒரே சீனி, ஒரே குளிசை. ஒன்றுக்கு வைத்தியம் நேரத்தோடு கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

கண்ணாடிக் கடையில் பார்த்தால் போதாதா?

போதாது. கண்ணாடிக் கடையில் பார்ப்பது கண்ணின் பவர். விழித்திரையைப் பார்ப்பது வேறு பரிசோதனை. சுவரில் இருக்கும் எழுத்துகளைக் கடைசி வரி வரை வாசித்தவருக்கும் உள்ளே குழாய்கள் கசிந்துகொண்டிருக்கலாம்.

இன்னொரு விடயம். இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லையும் நீரை உறிஞ்சி வீங்கி, பிறகு வற்றுகிறது. இதனால் பவரே மாறும். ஒரு கிழமை தூரம் மங்கும், மறு கிழமை கிட்ட மங்கும். சீனி கட்டுப்பாட்டுக்கு வராத நேரத்தில் கண்ணாடி எடுத்தால், சீனி சீரான பிறகு அந்தக் கண்ணாடி பொருந்தாமல் போகலாம். எனவே சில கிழமைகள் சீனி நிலையாக இருக்கும் வரை பொறுத்து எடுப்பது காசுக்கும் நல்லது.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வெண்புரையும் மற்றவர்களை விடக் குறைந்த வயதில் வரலாம். குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்கான வாய்ப்பும் அதிகம். "எனக்குக் கட்டரக்ட்தான், முற்றட்டும், பிறகு வெட்டுவோம்" என்று தாமே முடிவு செய்து இருப்பவர்கள் பலர். மங்கலுக்குக் காரணம் வெண்புரை மட்டும்தானா, அதற்குப் பின்னால் விழித்திரையிலும் பழுது இருக்கிறதா என்பதை டொக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பரிசோதனை எப்படி நடக்கும்?

கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். கண்மணி விரிவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் எடுக்கும். பிறகு ஒரு வெளிச்சக் கருவியாலும் வில்லையாலும் விழித்திரையைப் பார்ப்பார்கள். சில இடங்களில் கமெராவால் படம் எடுப்பார்கள். வலி இல்லை. வெளிச்சம் கூசும், சொட்டு மருந்து கொஞ்சம் எரியும். அதன் பிறகு நாலைந்து மணி நேரம் கிட்டப்பார்வை மங்கலாக இருக்கும்.

எனவே மோட்டார் சைக்கிளில் தனியே போகாதீர்கள். துணைக்கு ஒருவர் வரட்டும். கறுப்புக் கண்ணாடி ஒன்றும், கிளினிக் கொப்பியும், கடைசி இரத்த ரிப்போர்ட்டுகளும், பாவிக்கும் மருந்துகளும் கையில் இருக்கட்டும். அன்று பின்னேரம் விடைத்தாள் திருத்தும் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது ஆசிரியர்களுக்கு என் தனிப்பட்ட ஆலோசனை.

எப்போது செய்ய வேண்டும்?

- இரண்டாம் வகை நீரிழிவு: கண்டுபிடித்த உடனே ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை.
- சிறு வயதில் இன்சுலினோடு ஆரம்பிக்கும் முதலாம் வகை: வருத்தம் தொடங்கி 5 வருடங்களுக்குள் ஒரு முறை, பிறகு வருடாவருடம்.
- ஏற்கனவே நீரிழிவு உள்ள பெண் கர்ப்பமானால்: முதல் மூன்று மாதங்களுக்குள். கர்ப்பகாலத்தில் கண் நோய் வேகமாகக் கூடலாம். கர்ப்பத்தில் மட்டும் வந்து போகும் சீனிக்கு இது பொருந்தாது. ஆனால் அவர்களும் பிரசவத்துக்குப் பிறகு சீனியைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.
- விழித்திரையில் ஏற்கனவே மாற்றம் இருந்தால்: டொக்டர் சொல்லும் திகதியில். அது மூன்று மாதமாகவும் இருக்கலாம்.

நம் நாட்டில் அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்குகளில் இது இலவசம். சீனிக்காகப் போகும் கிளினிக்கிலேயே, "டொக்டர், கண் கிளினிக்குக்கு ஒரு கடிதம் தாருங்கள்" என்று கேட்டால் போதும். நூறு பேர் வரிசையில் நிற்கும் கிளினிக்கில் டொக்டருக்கு எல்லாம் ஞாபகம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. கேட்பது நம் வேலை. இன்னும் சீனியே பார்க்காதவர்கள் 35 வயதைத் தாண்டியிருந்தால், அருகில் உள்ள அரச வைத்தியசாலையில் அதை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று எண்கள்

கண்ணைக் காப்பது கண் டொக்டரின் கையில் மட்டும் இல்லை. மூன்று எண்கள் நம் கையில் இருக்கின்றன: சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலாம் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 1993இல் வெளிவந்தது. சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில், முன்பு கண் பாதிப்பு இல்லாதவர்களுக்குப் புதிதாக அது வரும் வாய்ப்பு 76 வீதம் குறைந்தது. ஏற்கனவே இலேசான பாதிப்பு இருந்தவர்களுக்கு அது கூடுவது 54 வீதம் குறைந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் பிரித்தானியாவில் நடந்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. பிரஷரை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் மோசமாவது 34 வீதமும், பார்வைக் கூர்மை கணிசமாகக் குறைவது 47 வீதமும் குறைந்தன. பிரஷர் குளிசையும் ஒரு வகையில் கண் மருந்துதான்.

காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சீனி அன்றைய நிலையை மட்டும் சொல்லும். கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் சோற்றைக் குறைத்து நல்ல ரிப்போர்ட் எடுப்பவர்களை நமக்குத் தெரியும். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படிக்கும் பிள்ளையின் கதைதான் அது. எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனை கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். பலருக்கு அது 7 வீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. வயது, மற்ற வருத்தங்களைப் பார்த்து உங்கள் இலக்கை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

சிகரட் புகைப்பவர் அதை நிறுத்தாமல் இந்த எண்களைப் பற்றிப் பேசுவதில் பெரிய பயன் இல்லை. ஏற்கனவே பலவீனமான குழாய்களை அது மேலும் கெடுக்கிறது.

நம் சாப்பாட்டு மேசை

சீனி வருத்தம் உள்ளவர் இனிப்பை நிறுத்தினால் போதும் என்று நினைக்கிறோம். நம் பிரச்சினை பெரும்பாலும் சோற்றுக் கோப்பையிலும் தேநீர்க் கோப்பையிலும்தான். ஒரு நாளைக்கு ஆறு பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி என்று வையுங்கள். ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்றாலும் 48 கிராம் சீனி. அதைக் குடித்தவர், "நான் இனிப்பே சாப்பிடுறதில்ல" என்றும் சொல்வார்.

சஹன் சாப்பாட்டில் இன்னொரு சிக்கல். ஐந்தாறு பேர் ஒன்றாக இருந்து சாப்பிடுவது அழகான வழக்கம். ஆனால் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று சாப்பிட்டவருக்கே தெரியாது. அதன் பிறகு வட்டிலப்பம் வரும். "ஒரு நாளைக்குத்தானே" என்று சொல்வோம். மாதத்தில் எத்தனை கல்யாணம், எத்தனை கத்தம், எத்தனை வீடு குடிபுகுதல் என்று எண்ணிப் பார்த்தால் அது ஒரு நாள் அல்ல. சஹனுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பங்கைத் தனிக் கோப்பையில் எடுத்து வையுங்கள். மரக்கறியையும் இறைச்சியையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் குறையுங்கள். வீட்டுக்காரர்களும் "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவதைப் பாசம் என்று நினைக்க வேண்டாம்.

நோன்பு காலத்தில்

நோன்பு பிடிக்கலாமா என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். இன்சுலின் எடுப்பவர்கள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் போன்றவர்களுக்கு ஆபத்து அதிகம். ரமழானுக்கு ஆறு, எட்டுக் கிழமைகளுக்கு முன்பே டொக்டரைச் சந்தித்து, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாகவே பகல் குளிசையை விட்டுவிடுவதும், இரண்டு வேளைக் குளிசையை ஸஹரில் ஒன்றாகப் போடுவதும் ஆபத்து. நோன்பில் இருக்கும்போது சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது வைத்திய வழிகாட்டல். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளத்தான்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுபவர்கள் ரமழானில் அதை நிறுத்திவிடுகிறார்கள். குளுக்கோமா உள்ளவர் ஒரு மாதம் மருந்தை விட்டால் இழக்கும் பார்வை திரும்பி வராது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் கண்ணில் மருந்து இடுவது நோன்பை முறிக்காது. சந்தேகம் இருந்தால் உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

லேசருக்கும் ஊசிக்கும் பயப்படுகிறோம்

"லேசர் அடிச்சுத்தான் அவருக்குக் கண் போனது" என்ற கதை ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது. லேசர் போன பார்வையைத் திருப்பித் தரும் வைத்தியம் அல்ல. இருப்பதைப் பாதுகாக்கும் வைத்தியம். இரத்தம் கிடைக்காமல் தவிக்கும் ஓரப் பகுதிகளை லேசரால் சுட்டுவிட்டால், "புதுக் குழாய் வேண்டும்" என்ற செய்தி குறையும், கெட்ட குழாய்கள் சுருங்கும். இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். அது நடுப்பார்வைக்காகக் கொடுக்கும் விலை. ஆபத்தான கட்டத்தில் உள்ளவர்கள் பார்வையைக் கடுமையாக இழப்பதை லேசர் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 1976இலேயே பெரிய ஆய்வொன்று காட்டிவிட்டது. கடைசிக் கட்டத்தில் போய் லேசர் செய்தவருக்குப் பார்வை போனால் நாம் லேசரைக் குற்றம் சொல்கிறோம், தாமதத்தைச் சொல்வதில்லை.

நடுப்புள்ளியில் வீக்கம் இருந்தால் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். கேட்கவே பயமாக இருக்கும். மரத்துப் போகும் மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள், சில விநாடி வேலை. கசிவைத் தூண்டும் அந்த இரசாயனச் செய்தியை இந்த மருந்து தடுக்கிறது. பலருக்குப் பார்வை ஓரளவு கூடவும் செய்கிறது. ஒரு ஊசியோடு முடிவதில்லை, ஆரம்பத்தில் மாதம் ஒன்று என்று பல தேவைப்படலாம். "ஒன்று போட்டேன், சரியாகல்ல" என்று நடுவில் நிறுத்துவது அரைவாசிப் பயணத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவது போல. இரத்தம் கொட்டித் தேங்கிவிட்டால், அல்லது விழித்திரை கழன்றால், சத்திரசிகிச்சை இருக்கிறது.

"இன்சுலின் தொடங்கினால் கண் போகும்" என்பது இன்னொரு பயம். இதற்குப் பின்னால் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. பல காலம் கூடியிருந்த சீனியைத் திடீரென்று குறைக்கும்போது சிலருக்குக் கண் பாதிப்பு தற்காலிகமாகக் கூடலாம். மேலே சொன்ன 1993 ஆய்விலும் இது காணப்பட்டது. ஆனால் நாள் போகப் போக அவர்களுக்கே நன்மை பெரிதாக இருந்தது. இதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம், இன்சுலின் தொடங்க முன் கண்ணைக் காட்டுங்கள் என்பது. இன்சுலினைத் தள்ளிப் போடுங்கள் என்பதல்ல.

"கண் தானம் எடுத்து மாற்ற முடியாதா?" என்றும் கேட்கிறார்கள். இலங்கை கண் தானத்துக்கு உலகம் அறிந்த நாடு. டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கம் எத்தனையோ நாடுகளுக்குக் கண்களை அனுப்பியிருக்கிறது. ஆனால் அப்படி மாற்றப்படுவது கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலம் மட்டும். சீனி கெடுப்பது பின்னால் இருக்கும் விழித்திரையை. அதை மாற்ற வழி இல்லை.

வாட்ஸ்அப் வைத்தியம்

கண்ணில் தேன் விட்டால் போதும், இந்தச் சாற்றை விட்டால் கண்ணாடியே தேவையில்லை என்று தினமும் செய்திகள் வருகின்றன. கண்ணின் மேலே விடும் எந்தச் சாறும் பின்சுவரில் கசியும் குழாயை அடைக்காது. சுத்தம் செய்யப்படாத பொருள் கண்ணில் பட்டால் கிருமித் தொற்று வேறு வரும். சந்தையில் விற்கும் சில சுர்மாக்களில் ஈயம் கலந்திருப்பதும் ஆய்வுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. வாங்கும்போது கவனம் தேவை. சுர்மா சீனிக் கண் நோய்க்கு மருந்தும் அல்ல.

உடனே போக வேண்டிய அறிகுறிகள்

வாரத்தில் ஒரு நாள், ஒரு கண்ணைக் கையால் மூடி மற்றக் கண்ணால் சுவர்க் கலண்டரைப் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம்:

- திடீரென்று கறுப்புப் புள்ளிகள், சிலந்தி வலை, தூசு போல மிதப்பது
- மின்னல் வெட்டுவது போன்ற ஒளி
- பார்வையின் ஒரு பக்கம் திரை இழுத்தது போல மறைவது
- நேர்கோடுகள் வளைந்து தெரிவது, எழுத்தின் நடுப்பகுதி காணாமல் போவது
- கண் சிவந்து, வலித்து, பார்வை மங்குவது

வீட்டிலும் ஊரிலும் செய்யக்கூடியவை

நம் வீடுகளில் வாப்பாவுக்கு வருத்தம் என்றால் எல்லோரும் ஓடுகிறோம். உம்மாவுக்கு வருத்தம் என்றால் "பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும்" என்று உம்மாவே தள்ளிப் போடுகிறார். கண் பரிசோதனைக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்பதால் இந்தத் தள்ளிப் போடல் இன்னும் நீளும். "உங்கட கண்ணைக் காட்டினீங்களா உம்மா?" என்று கேட்பதோடு நிற்காமல், திகதி எடுத்து, அரை நாள் லீவு போட்டு, கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பை மகனோ மகளோ எடுக்க வேண்டும்.

பள்ளிவாசல்களும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் நடத்தும் இலவச மருத்துவ முகாம்களில் விரலில் குத்திச் சீனி பார்த்து, எண்ணை ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிகிறது. அந்தத் துண்டோடு, "கடைசியாகக் கண்ணைக் காட்டியது எப்போது?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். ஒரு வருடத்துக்கு மேலானவர்களின் பெயர்களை எடுத்து, வைத்தியசாலையோடு பேசி, ஒரு வானில் பத்துப் பேரை ஒன்றாகக் கூட்டிப் போகலாம். துணைக்கு இரண்டு இளைஞர்கள் போதும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. தனியே போகப் பயந்தவர்கள் கூட்டமாகப் போவார்கள்.

நான் என் கண் பரிசோதனையை ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் விடுமுறையில் வைத்துக்கொள்கிறேன். பிள்ளைகளின் தவணைப் பரீட்சை போல அது கலண்டரில் இருக்கிறது. நீங்களும் உங்களுக்கு வசதியான ஒரு மாதத்தைத் தெரிவு செய்து, கிளினிக் கொப்பியின் முன் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். வீட்டில் சீனி வருத்தம் உள்ள ஒவ்வொருவரின் கொப்பியிலும் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த மாதம் வரும்போது போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.